சிவதாணு அண்ணாச்சி காட்டாத வீடு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வடசேரி பேருந்து நிலையத்தில் நாங்கள் அண்ணாச்சிக்காகக் காத்து நின்றோம். திருவட்டாறு பக்கம் ஒரு பழைய வீட்டைப் பார்க்கப் போவதாக ஏற்பாடு. எல்லோருக்கும் முன்பே வந்து நின்று, பிந்தி வருகிறவர்களை முறைக்கிற மனிதரை அன்றைக்குக் காணோம். போன் அடித்தால் எடுக்கவில்லை. "பஸ்ஸு போயிரும், இந்த மனுசன் எங்க போயி கெடக்காரு?" என்று அலுத்துக்கொண்டே முட்டத்து மிக்கேல் அண்ணன் மறுபடி அடித்தபோது ஒரு பெண்குரல் எடுத்தது. மிக்கேல் அண்ணன் "ஆ" என்றார். "எப்பம்?" என்றார். பிறகு போனைக் காதிலிருந்து எடுக்காமலே எங்களைப் பார்த்து, "அண்ணாச்சி போயிட்டாரு மக்கா" என்றார். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லையாம். எங்களோடு வருவதற்குச் சட்டையைத் தேய்த்து நாற்காலியில் போட்டு வைத்திருந்தாராம்.

அழுதேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி எழுதப்போவதைப் படித்துவிட்டு, இவளுக்கு அந்த மனிதர் மேல் பிரியமே இருந்ததில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பேருந்து நிலையத்தில் ஆட்கள் பார்க்கப் பார்க்க அழுதேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது அழுகை நின்றிருந்தது. அது ஏன் நின்றது என்பது, அண்ணாச்சியோடு ஊர் ஊராகச் சுற்றிய உங்களுக்கெல்லாம் தெரியவேண்டும். நினைவு மலருக்கு நல்லதாக நாலு பக்கம் எழுதித் தா என்று மிக்கேல் அண்ணன் கேட்டிருக்கிறார். நல்லதையும் எழுதுகிறேன்.

அண்ணாச்சி சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கிலி பிடித்து அளந்த காலத்தில் இந்த மாவட்டத்தில் அவர் நுழையாத தெரு இல்லை. ஓய்வுக்குப் பிறகு, மாதம் ஒரு ஞாயிறு பழைய வீடு, மண்டபம், வழிப்போக்கர் மடம் என்று பார்க்கப் போகிற நம் கூட்டத்தை அவர்தான் சேர்த்தார். அதற்கு அவர் வைத்திருந்த முறை உங்களுக்குத் தெரியும். வீட்டைப் பார்க்க வந்தோம் என்று வாசலில் நின்று சொல்லக் கூடாது. "அப்பிடிச் சொன்னா, வெல பேச வந்திருக்கான்னு நெனச்சிக் கதவ அடைச்சிருவான். குடிக்க வெள்ளம் கேளு. வெள்ளம் தந்தவன் பெறவு வெரட்ட மாட்டான்" என்பார். எங்கள் தாழக்குடி வீட்டு வாசலிலும் அப்படித்தான் ஒருநாள் எட்டுப் பேரோடு வந்து நின்று வெள்ளம் கேட்டார். நான் செம்பில் மொண்டு கொடுத்தேன். அரைமணி நேரத்தில் ஓட்டுக்குக் கீழே மரத்தட்டு மச்சில் ஏறி நின்றார். அடுத்த மாதம் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக இன்னொருவர் வாசலில் வெள்ளம் கேட்டு நின்றேன்.

உள்ளே போனதும் எதையும் பாராட்ட மாட்டார். முதலில் கதவு நிலை, பிறகு தூண், பிறகு கைக்கு எட்டினால் உத்தரம் என்று வலதுகை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போவார். தட்டிவிட்டுக் காதைச் சாய்ப்பார். நல்ல மரம் என்றால் ஓசை நிறைந்து வரும். கரையான் உள்ளே தின்றிருந்தால் காலிப் பெட்டியைத் தட்டியது போல இருக்கும். பூதப்பாண்டிப் பக்கத்து வீடு ஒன்றில் பளபளவென்று பாலீஷ் போட்டிருந்த தூணை நாங்கள் எல்லோரும் வாய் பிளந்து பார்த்தோம். அண்ணாச்சி தட்டினார், உதட்டைப் பிதுக்கினார். "கண்ண நம்பாத மக்கா. தட்டிப் பாத்துட்டு நம்பு" என்றார். அடுத்த மழைக்காலத்தில் அந்தத் தூண் சரிந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அன்றிலிருந்து நம் கூட்டத்தில் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. பேருந்துக் கம்பியைக்கூடத் தட்டிப் பார்த்தோம்.

மயிலாடிக்குப் போன ஞாயிறு உங்களுக்கு நினைவிருக்கும். கல்வேலைக்காரர்களின் உளிச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு தெருவில், ஓட்டு வீட்டை இடிக்கப்போவதாக ஒரு தகப்பனார் சொன்னார். மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டைப் பார்த்து முகம் சுளித்தார்களாம். அண்ணாச்சிக்கு வந்த கோபம் இருக்கிறதே! "வாற மாப்பிள்ள பொண்ணக் கெட்டப் போறானா, மச்சக் கெட்டப் போறானா? மச்சப் பாத்துட்டுப் போறவன் போவட்டும். விட்ரு" என்று கத்தினார். அந்த மனிதர் தலைகுனிந்துகொண்டார். வீடு இன்றைக்கும் நிற்கிறது. அந்தப் பெண்ணுக்கு நல்ல இடத்தில் கல்யாணமும் ஆயிற்று. அந்த வாக்கியத்தை நாங்கள் பெருமையாகப் பல வீடுகளில் திருப்பிச் சொன்னோம்.

அவர் வீட்டைப் பற்றி அவர் சொல்லாத நாள் இல்லை. எந்த வீட்டுக்குப் போனாலும், "நம்ம வீட்டுல இதவிடப் பெருசு இருக்கு" என்று ஆரம்பித்துவிடுவார். முன்வாசல் நிலையில் இரண்டு அன்னம், அதில் ஒன்றுக்கு அலகு இல்லை, சின்ன வயதில் இவர் கல்லெறிந்து உடைத்தது. நெல் போட்டு வைக்கிற மர அறையைத் திறந்தால் வருகிற வாசம். மலையிலிருந்து யானை இழுத்துக்கொண்டு வந்த அயனி மரத்து உத்தரம். அந்த வீட்டில் கண்ணைக் கட்டிவிட்டால்கூட நாங்கள் முட்டாமல் நடப்போம், அவ்வளவு கேட்டிருக்கிறோம். இருக்கு, இருக்கு என்றுதான் சொல்வார். எப்போது காட்டுவீர்கள் என்று கேட்டால், "கடைசி வீடு நம்ம வீடு. இந்த ஜில்லா முழுக்கப் பாத்துட்டு வாங்க, பெறவு காட்டுகேன்" என்பார். ஓடு மாற்றுகிறோம் என்பார். மைனிக்கு, அதாவது அவர் மனைவிக்கு, உடம்பு சரியில்லை என்பார். வண்டியில் போனால்கூட முக்கில் வந்து நின்று ஏறிக்கொள்வார், தெருவுக்குள் வரவிட மாட்டார். "ஓய், உமக்க வீட்டப் பாக்கணும்னா கடல் எங்க ஊருக்குள்ள ஏறி முடிச்சிரணும் போலிருக்கு" என்று மிக்கேல் அண்ணன் கிண்டல் செய்வார். அண்ணாச்சியும் சேர்ந்து சிரிப்பார்.

இனி என் கதை. கணவர் காலமான பிறகு நான் தாழக்குடியில் அப்பா வீட்டுக்கே வந்துவிட்டேன். வீடு எனக்கும் தம்பி குமரேசனுக்கும் பொது. அவன் குவைத்தில் இருக்கிறான். நாலு வருஷத்துக்கு முன் விடுப்பில் வந்தவன், இடித்துவிட்டு கான்கிரீட்டில் வார்ப்பு வீடு கட்டலாம், கீழே உனக்கு, மேலே எனக்கு என்றான். எனக்கு மனசில்லை. அவனும் பிடிவாதக்காரனில்லை. மழை வந்தால் அக்கா வீடு முழுக்கப் பாத்திரம் வைத்துக்கொண்டு ஓடுகிறாளே என்பதுதான் அவன் கவலை. அண்ணாச்சியை வந்து பேசச் சொன்னேன். வந்தார்.

குமரேசன் நியாயமாகத்தான் கேட்டான். "உங்க வீட்டுல பாத்ரூமு எங்க வச்சிருக்கியள்? அடுக்கள இருட்டுக்கு என்ன செய்யுதீங்க? செதல் வராதா?" ஒவ்வொன்றுக்கும் அண்ணாச்சி பதில் சொன்னார். தொழுவம் இருந்த இடத்தில் குளியலறை, ஓட்டுக்கு நடுவில் கண்ணாடி, கரையானுக்கு வருஷம் ஒருமுறை எண்ணெய். "நான் வச்சிட்டு இருக்கம்லா? எனக்க வீடு நிக்கும்போ உனக்க வீடு நிக்காதா?" என்றார். என் தம்பி யோசித்தான். "நான் ஒருநாள் வந்து பாக்கேன் அண்ணாச்சி. நல்லா இருந்தா நம்மளும் அப்பிடியே செய்வோம், என்னக்கா" என்றான். அவன் முகம் அப்போது எவ்வளவு தெளிவாக இருந்தது என்று எனக்கு இன்னும் தெரிகிறது. அண்ணாச்சி சாயாவைக் குடித்து முடித்து, "பின்ன, வா" என்றார்.

பத்துப் பதினைந்து நாள் கழித்துக் குமரேசன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினான். "நீயே வச்சிக்கிடு அக்கா. நான் வேற எடம் பாத்துக்கிடுகேன்" என்றான். ஏன் என்று கேட்டால், "ஒனக்குத் தெரியாதாக்கும்" என்றான். அவன் பெண்டாட்டி ஏதோ ஓதிவிட்டாள் என்று நினைத்தேன். அவன் நாகர்கோவிலில் மனை வாங்கி வீடு கட்டினான். புதுவீட்டுப் பாலுகாய்ப்புக்கு என்னைக் கூப்பிடவில்லை. போன் குறைந்து குறைந்து நின்றது. அவன் மகள், எனக்கு மருமகள், அவள் கல்யாணத்துக்குப் பத்திரிகை தபாலில் வந்தது. கையில் கொண்டுவந்து தராத பத்திரிகைக்கு அத்தைக்காரி எப்படிப் போவாள்? நம் ஊரில் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய நான், பக்கத்து வீட்டுப் பெண்ணின் செல்போனில் அந்தக் கல்யாணத்தைப் பார்த்தேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு நாம் முட்டத்துக்குப் போயிருந்தோம். மிக்கேல் அண்ணன் குடும்பத்தின் பழைய மாடி வீட்டைப் பார்த்துவிட்டு, கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறையில் உட்கார்ந்து மீனும் சோறும் சாப்பிட்டோம். எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணாச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தம்பி பேசுகானா?" என்று கேட்டார். எப்போது பார்த்தாலும் இதைக் கேட்பார், கூடப்பிறந்த அண்ணன்கூட இப்படி விசாரிக்க மாட்டான் என்று நான் நெகிழ்ந்து போவேன். அன்றைக்கு அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அழாத மக்கா. வீடு இருக்குல்லா" என்றார்.

வடசேரியிலிருந்து நேரே இழவு வீட்டுக்குப் போனோம். முக்கில் இறங்கி வழி கேட்டோம். காட்டிய கையைப் பார்த்து நடந்தால், இரண்டு மாடி வார்ப்பு வீடு, எஃகுக் கம்பிக் கைப்பிடி, வாசலில் பந்தல். "இது வேற யாரோ செத்த வீடு" என்று மிக்கேல் அண்ணன் திரும்பி நடக்கப் பார்த்தார். அப்போதுதான் வாசலில் அண்ணாச்சி எப்போதும் போட்டுவருகிற ரப்பர் செருப்பைப் பார்த்தேன். உள்ளே பளிங்குத் தரையில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். பழக்க தோஷம், நான் அண்ணாந்து பார்த்தேன். மேலே அட்டை அடித்த பொய்க்கூரையில் குட்டிக் குட்டி விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. தேய்த்த சட்டை இன்னும் நாற்காலியில் கிடந்தது.

நான் பெயரைச் சொன்னதும் மைனி என் கையைப் பிடித்துக்கொண்டார். உடலை எடுக்க நேரம் இருந்தது. பின்பக்கம் கூட்டிப் போய் உட்கார வைத்தார். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. பழைய வீடு எங்கே மைனி என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "அது போயி எத்தன வருசமாச்சு! மூத்தவளுக்க கல்யாணத்துக்கு முந்தியே போச்சே. பொண்ணு பாக்க வந்தவங்க மச்ச அண்ணாந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போனாங்க. அடுத்த வாரம் ஆள விட்டு இடிச்சிட்டாரு. நான் காலப் பிடிச்சேன். செதல் அரிச்ச சாமானுக்கா நீ அழுகன்னு கேட்டாரு. ஒரு மரத்துலயும் செதல் கெடையாது மக்கா. தெனமும் தொடச்சவ நாந்தானே?"

தட்டிப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். "யாரு தட்டுனா அப்பம்? உத்தரத்த அறுத்துக் கீழ விட்டானுவ. கோயில் மணி மாதிரி ஒரு ஒச்ச. தெருவுல போறவன்லாம் நின்னுட்டான். இவரு அப்பிடியே மண்ணுல உக்காந்துட்டாரு. அதுக்குப் பெறவுதான் எங்க போனாலும் தட்டுகது. ஞாயித்துக்கிழமை ஆனா சட்டைய மாட்டிட்டு எறங்கிருவாரு. உங்ககிட்ட இதெல்லாம் சொல்லலியா?"

சொல்லவில்லை மைனி. அதைத்தான் இந்த மலரில் நான் எழுத வந்தேன். எத்தனை ஞாயிறு, எத்தனை பேருந்து, எத்தனை வாசல். மயிலாடித் தகப்பனாரிடம் மாப்பிள்ளை மச்சையா கட்டப் போகிறான் என்று கத்தினாரே, அப்போதாவது அவருக்கு நாக்குக் கூசியிருக்க வேண்டாமா? நல்ல மரத்தைத் தட்டாமல் சாய்த்துவிட்டேன், அந்த ஓசையைக் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன், நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள் என்று ஒரு தடவை சொல்லியிருந்தால், நாம் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்போம். என் தம்பி அந்த இடத்திலேயே கேட்டிருப்பான். அவர் அதைச் சொல்லாமல், இல்லாத வீட்டைக் காட்டி நம்மை நம்ப வைத்தார்.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, மனசு ஆறாமல் குமரேசனுக்குப் போன் போட்டேன். வெகுநாளைக்குப் பிறகு எடுத்தான். அண்ணாச்சி இறந்துபோனார், அவர் வீடு வார்ப்பு வீடு என்றேன். அவன் கேட்டான்: "ஒனக்கு இன்னைக்குத்தான் தெரியுமா அக்கா?"

அவன் அப்போதே போயிருக்கிறான். சாயா குடித்த அந்த வாரத்திலேயே, எனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று சொல்லாமல், வண்டியை எடுத்துக்கொண்டு, குளியலறையையும் ஓட்டுக் கண்ணாடியையும் பார்த்துவிட்டு வரப் போயிருக்கிறான். "அவரு வாசல்லதான் நின்னாரு. என்னப் பாத்ததும் மொகம் செத்துப் போச்சு. அக்காகிட்ட நானே சொல்லுகேன் மக்கா, நீ ஒண்ணும் பேசாண்டாம்னு கையப் பிடிச்சாரு. சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன். மாசாமாசம் அவருகூடத்தான சுத்துக, ஒனக்குத் தெரியாம இருக்குமா? ரெண்டு பேரும் சேந்து என்ன ஏமாத்துனீங்கன்னு நெனச்சேன் அக்கா." நான் போனைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

நாலு வருஷம். மாதா மாதம் அந்த ஞாயிற்றில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைச் சாப்பிட்டார். தம்பி பேசுகிறானா என்று அவர் கேட்டதெல்லாம் விசாரிப்பில்லை. அவன் சொல்லிவிட்டானா என்று ஆழம் பார்த்தது. முட்டத்துப் பாறையில் நான் அழுதபோது அவர் வாயைத் திறந்திருந்தால், அன்றைக்கே மருமகள் வீட்டு வாசலில் போய் நின்றிருப்பேன். அவர் தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டார். அதற்கு என் கூடப்பிறந்தவனைக் கொடுத்தார். செத்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். மிக்கேல் அண்ணனும் கேட்டார். "எழுது, அந்த மனுசனுக்கு வேற எவன் சொல்லப் போறான்" என்று பிறகு அவரே சொன்னார்.

போன வாரம் குமரேசன் விடுப்பில் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, படி ஏறாமல் முற்றத்திலேயே நின்றான். கடைசியில், "அக்கா, குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் தா" என்றான். அந்தக் கேள்வியை எத்தனை வாசலில் நான் கேட்டிருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியாது. தன் வீட்டு முற்றத்தில் அந்நியனைப் போல நின்று அவன் அதைக் கேட்டதும், செம்பை எடுக்கப் போன எனக்குக் கண் மறைத்தது.

குடித்துவிட்டு உள்ளே வந்தான். இருவரும் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனோம். அடுக்களைப் பக்கம் ஓட்டைத் தாங்குகிற மூன்று கழுக்கோல் உள்ளே ஒன்றுமில்லாமல் கேட்டது. அதை இடித்து வார்ப்புப் போடுவதென்று தீர்மானித்தோம். முன்கட்டு நிற்கட்டும். பிறகு அவன் ஸ்டூலைப் போட்டு ஏறி நடு உத்தரத்தைத் தட்டினான். வீடு முழுக்கக் கேட்டது. "நல்ல மரம்லா" என்று மேலே நின்றுகொண்டே சிரித்தான், சின்ன வயதில் சிரித்தது போல.

அண்ணாச்சியின் பேச்சில் எதையும் நான் வைத்துக்கொள்ளவில்லை. அந்த அன்னங்களையும் நெல்லறையையும் மறக்கத்தான் பார்க்கிறேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது இந்த விரல் முட்டியை மட்டும்தான். இனி மனிதர்கள் என் வாசலில் வெள்ளம் கேட்டு நின்றாலும் அதைக்கொண்டுதான் பார்ப்பேன். மறுநாள் மருமகளின் வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து "ஆரு?" என்றாள். "அத்தை" என்றேன். திறக்க நேரமானது. நான் நின்றேன்.